இலங்கையில் கஞ்சாச் சட்ட விவாதமும் யாழ்ப்பாணத் தீவகமும்

இலங்கையில் கஞ்சாவை வைத்திருத்தல், விற்றல், பயிரிடல் ஆகியவை 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றங்களாகும். ஆயினும், சித்த, யூனானி மருத்துவங்களையும் உள்ளடக்கிய 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம், மருந்து தயாரிப்பதற்காகக் கட்டுப்பாடுகளுடன் அதைப் பெற இடமளிக்கிறது.

தீவகம்: நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, நயினாதீவு முதலிய தீவுகள் பாக்குநீரிணையை ஒட்டியவை. தமிழகக் கரையிலிருந்து படகுகளில் கடத்தப்படும், இலங்கையில் ‘கேரளக் கஞ்சா’ எனப்படும் கஞ்சா இக்கடற்பரப்பிலும் கரையோரங்களிலும் அடிக்கடி கைப்பற்றப்படுகிறது. அதைக் கைப்பற்றும் கடற்படைக்குக் காரைநகரில் தளம் உண்டு. போரால் நலிந்த கடற்றொழிற் குடும்பங்களின் இளைஞரைக் கடத்தல் வலைக்குள் இழுக்கும் ஆபத்து, இங்கே கஞ்சாச் சட்ட விவாதத்தின் மிக வேதனையான பகுதி.

விவாதம்: 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கையை ஆராய நிபுணர் குழு அமைக்க அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க முன்மொழிந்தார். இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே இதை உரத்து ஆதரித்தார். அந்நியச் செலாவணி, மரபு மருத்துவம் ஆகியவை ஆதரவாளரின் வாதங்கள். இளையோரின் உளநலம், கண்காணிப்பின் பலவீனம் ஆகியவை எதிர்ப்போரின் கவலைகள்.

உலகப் பின்னணி: 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு, 1961 ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை 27–25 வாக்குகளால் நீக்கியது.

மதிப்பீடு: ஏற்றுமதிக்கான உரிமம் மட்டும் பாக்குநீரிணைக் கடத்தலை நிறுத்திவிடாது. தீவக மக்களுக்கு நிலையான தொழிலும் போதையிலிருந்து மீள்வதற்கான சிகிச்சையும் சட்டத்தோடு சேர்ந்தே கிடைக்க வேண்டும்.