அறைக்கு நான்கு பேர்

சாத்தூர் சாலையில் ஒரு பட்டாசு ஆலைக்குள் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே கரிசல் பொட்டல், நடுநடுவே வேம்பு. ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கொரு வாசல். சுவரில் பெயின்டால் எழுதியிருந்தார்கள்: அறை எண், அங்கே நடக்கும் வேலை, வைத்திருக்கக்கூடிய மருந்தின் அளவு, ஆட்கள் 4. உள்ளே ரப்பர் விரிப்பில் நான்கு பெண்கள். முழங்கைவரை அலுமினியப் பொடி வெள்ளியாக அப்பியிருந்தது. எட்டிப் பார்க்க நான் காலெடுத்ததும் போர்மேன் கையை நீட்டித் தடுத்தார். "அண்ணாச்சி, நீங்க உள்ள போகணும்னா ஒரு ஆளு வெளிய வரணும்."

ஏன் நான்கு? ஐந்தோ எட்டோ ஏன் கூடாது? இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

சென்ற வாரம் இரண்டாம் உலகப்போரின் அட்லாண்டிக் கடலில் நின்றோம். சரக்குக் கப்பல்களைச் சிறு கூட்டங்களாக அனுப்புவதே பாதுகாப்பு என்று பிரிட்டிஷ் கடற்படை நம்பியிருந்தது. இயற்பியலாளர் பாட்ரிக் பிளாக்கெட்டின் குழு போட்ட கணக்கு நேர்மாறாக வந்தது. கப்பல்கள் இரண்டு மடங்கானால் அவை பரவி நிற்கும் பரப்பும் இரண்டு மடங்காகும்; ஆனால் காவல் காக்க வேண்டிய சுற்றளவு ஏறக்குறைய 1.4 மடங்குதான் ஆகும். அதனால் பெரிய கூட்டமாகப் போனால் இழப்பு குறையும். செயல்முறைகள் ஆராய்ச்சி என்று இன்று நம் பிள்ளைகள் வணிகக் கணிதத்தில் படிக்கும் பாடம் இப்படிப் போர்க்களத்தில் வளர்ந்ததுதான்.

அதே பிளாக்கெட் 1947-இல் இந்தியாவுக்கு வந்து நேருவின் நட்பைப் பெற்றார். பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கு ஆலோசனை சொன்னார். 1949-இல் ஹைதராபாத் ஆய்வகத்தில் செயல்முறைகள் ஆராய்ச்சிக்கு ஒரு பிரிவு தொடங்கியது. 1953-இல் கல்கத்தாவில் மகலனோபிஸ் தம் புள்ளியியல் நிறுவனத்துக்குள் அதைக் கொண்டுவந்தார். 1957-இல் இத்துறைக்கென அகில இந்தியச் சங்கமே அமைந்தது.

மகலனோபிஸுக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1922-இல், சிவகாசியிலிருந்து இருவர் அதே கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி 1923-இல் தொழில் தொடங்கினார்கள். அந்தத் தொழில் இங்கே எப்படிப் பிரிந்து பரவியது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளுக்குப் போயிற்று. குச்சியை மருந்தில் முக்கும் வேலை ஆலையிலேயே நின்றது. ஆபத்து இல்லாத வேலையை ஊர் முழுக்கப் பரப்பி, ஆபத்தான வேலையை ஓரிடத்தில் நிறுத்திய ஏற்பாடு அது. எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்ததல்ல. 1940-களில் பட்டாசு வந்தபோது இந்த ஏற்பாடு போதவில்லை. பட்டாசில் கிட்டத்தட்ட எல்லா வேலையிலும் மருந்து இருக்கிறது.

கப்பலுக்கு ஆபத்து வெளியிலிருந்து வரும். பட்டாசு அறையில் ஆபத்து உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கடலில் கூட்டச் சொன்ன கணக்கு கரிசலில் பிரிக்கச் சொல்கிறது. ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கை தவறுவதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரே அளவு வாய்ப்பு. அதை ஒரு பங்கு என்று வைப்போம். பன்னிரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் விபத்துக்கான வாய்ப்பு 12 பங்கு; நடந்தால் சிக்குவது 12 பேர். பெருக்கினால் 144. நான்கு நான்கு பேராக மூன்று அறைகளில் அமர்த்தினால் ஒவ்வோர் அறைக்கும் நான்கு பெருக்கல் நான்கு, 16. மூன்றுக்கும் சேர்த்து 48. அதே ஆட்கள், அதே வேலை, ஆபத்து மூன்றில் ஒன்று. நான்கு பேர் அறையில் எட்டுப் பேரை உட்காரவைத்தால் அந்த அறையின் ஆபத்து இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. போர்மேன் கையை நீட்டியது இதற்காகத்தான்.

ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பது இந்தக் கணக்கின் நிபந்தனை. அங்கேதான் இடைவெளி வருகிறது. வெடியதிர்வைப் பற்றி ஹாப்கின்சன் 1915-இல் கண்ட விதிப்படி, தேவையான தூரம் மருந்தின் கனமூலத்தைப் பொறுத்தது. எட்டு மடங்கு மருந்துக்கு இரண்டு மடங்கு தூரம். மழை குறைந்த, விளைச்சல் குறைந்த பொட்டல் இந்தத் தொழிலுக்குச் சொத்தாகிப்போனது இப்படித்தான். தஞ்சாவூர் நன்செயில் யார் இவ்வளவு இடத்தைச் சும்மா விடுவார்கள்?

விதி தெளிவாக இருந்தும் ஏன் மீறுகிறார்கள்? அதற்கும் இதே கணிதத்தில் ஒரு சொல் இருக்கிறது: நிழல் விலை. ஒரு கட்டுப்பாட்டை ஒரே ஒரு படி தளர்த்தினால் கையில் எவ்வளவு கூடுதலாக வரும் என்பதுதான் அது. அறைக்கு ஐந்தாவது ஆளின் நிழல் விலை எல்லா மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. சிவகாசியின் இன்னொரு தொழிலான தினசரிக் காலண்டரைப் பாருங்கள். ஆடிப்பெருக்கில் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டு, ஆர்டர் வாங்கி, அதன்பின் அச்சடிக்கிறார்கள். பட்டாசுக்கு அந்த வசதி கிடையாது. தீபாவளி ஒரே நாள். மறுநாள் அதன் மதிப்பு சரிந்துவிடும். ஆகவே ஆண்டு முழுக்கச் செய்து குவிக்க வேண்டும், கடைசி மாதங்களில் இன்னும் வேகமாக. நாள் நெருங்க நெருங்க ஐந்தாவது ஆளின் விலை ஏறுகிறது. செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் உள்ளே இருப்பவர்களுக்கும் கை வேகம் பிடிக்கிறது. மாலையில் கலவை மீந்துவிடுகிறது. ஈரம் ஏறிய மருந்து ராத்திரியில் தானாகச் சூடேறுகிறது.

தீபாவளி அவசரம் மட்டுமே காரணமென்றால் பிப்ரவரியில் விபத்து நடக்கக் கூடாது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பேசப்பட்ட காரணம் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில். அறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துபவர்கள் வேறு பலர். வாடகை கட்டிய உள்குத்தகைக்காரர் தம் இரண்டு மூன்று அறைகளுக்குள்தான் முதலை மீட்க வேண்டும். பக்கத்து அறையில் என்ன மருந்து இருக்கிறது என்பது அவர் கணக்கில் வராது. அவருக்கு ஐந்தாவது ஆளின் விலை ஆண்டு முழுக்கத் தீபாவளி விலைதான். ஆலை முழுவதையும் ஒன்றாக வைத்துப் போட்ட கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் அது கணக்காக இராது. என்னைக் கேட்டால் ஆட்கள் கூடுவதைவிட இதுதான் பெரிய குற்றம். ஆட்கள் கூடுவது இந்த உள்குத்தகையிலிருந்து பிறப்பது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்ததை விருதுநகர் மாவட்டம் மறக்காது. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் அடுத்த வெடியில் சிக்கினார்கள். ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அறைக்கு நான்கு பேர் என்று சுவரில் எழுதுகிறோம். வேலிக்கு வெளியேயிருந்து ஓடிவரும் நூறு பேருக்கு அங்கே எண் கிடையாது. அடுத்த வெடி வரக்கூடும், கிட்டே போகாதே என்று சுற்றுக் கிராமத்துக்குச் சொல்லிக்கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. உரிமம் தரும் அலுவலகத்தைப் பொறுத்து நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று மூன்று வகை. ஆய்வாளர்கள் கொஞ்சம் பேர். எந்த நாளில் எந்த ஆலைக்குப் போவது என்பது ஒதுக்கீட்டுக் கணக்கு. எங்கே, எப்போது ஐந்தாவது ஆளின் விலை ஏறுகிறதோ, அங்கே அப்போது போக வேண்டும்.

அந்த ஒதுக்கீட்டுக் கணக்கை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பிளஸ் டூவில் போடுகிறார்கள். பிளஸ் ஒன்னில் நேரியல் திட்டமிடலும் உண்டு. அம்மா மருந்தறையில் இருக்க, மகள் வகுப்பில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் லாபத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் கரும்பலகையில் இப்படியும் ஒரு கணக்கு எழுதலாம்: ஓர் ஆலையில் 20 அறைகள், அறைக்கு 4 பேர், அதே 80 பேரை 10 அறைகளில் அடைத்தால் ஆபத்து எத்தனை மடங்கு?