கல்யாணத்துக்கு முன் ஒரு சான்றிதழ்: சைப்ரஸும் தாலசீமியாவும்

இன்னைக்கு நாம போகப்போறது மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கும் சைப்ரஸ் தீவுக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா பிறக்கிற குழந்தைக்கு ரத்தமே ஊறவில்லை என்றால்? அந்தக் கேள்வியோடு ஒரு சின்ன நாடு மல்லுக்கட்டிய கதை இது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சைப்ரஸில் மலேரியா தலைவிரித்தாடியது. ஒரு குழந்தை வெளிறிப்போய், மண்ணீரல் வீங்கி வயிறு பெருத்து வந்தால் மலேரியாதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 1944இல் ஆலன் ஃபாட்ரி என்ற மருத்துவர், இவர்களில் சிலருக்கு இருப்பது வேறு நோய் என்று எழுதினார். 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் தாமஸ் கூலி விவரித்த ரத்தசோகைதான் அது. இன்று அதன் பெயர் தாலசீமியா.

மெஹ்மெட் அஜீஸ் என்ற சுகாதார அதிகாரியின் தலைமையில் தீவு முழுக்க டிடிடி தெளித்து, 1950க்குள் மலேரியாவை ஒழித்தார்கள். கொசு போச்சு. வெளிறிய குழந்தைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள்.

இதுக்குப் பின்னாடி ஒரு முரண் இருக்கு. இந்த மரபணுக் குறையின் ஒரே ஒரு பிரதி உடம்பில் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். அப்படிப்பட்டவர்களை கேரியர் என்கிறோம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிழைத்ததால் குறையும் பரவியது. சைப்ரஸில் ஏழு பேரில் ஒருவர் கேரியர். கணக்குப் போட்டுப் பாருங்க: 49 ஜோடிகளில் ஒன்றில் இருவருமே கேரியர். அந்த ஜோடியின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 25 சதவீத வாய்ப்பு.

அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்ற டெஸ்ஃபெரால் மருந்தை, சின்ன பம்ப் வழியாக, இரவெல்லாம் தோலுக்கடியில் செலுத்த வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆய்வு செய்த ஜார்ஜ் ஸ்டமாட்டோயன்னோபூலோஸ் எச்சரித்தார்: இப்படியே போனால் 40 ஆண்டுகளில் மக்களில் 40 சதவீதம் பேர் ரத்ததானம் செய்ய வேண்டிவரும்.

முதலில் தோன்றிய வழி சுலபமானது. கேரியரும் கேரியரும் கல்யாணம் பண்ணிக்காதீங்க என்று சொல்வது. அது எடுபடவில்லை. கிரேக்கத்தின் ஓர்கோமெனோஸ் கிராமத்தில் அரிவாள் செல் சோகைக்கு இதே முறையை முயன்றிருந்தார்கள். அங்கே கேரியர்கள்மீது களங்கம் ஒட்டிக்கொண்டது. சிலர் மறைத்தே மணம் முடித்தார்கள். கேரியர் ஜோடிகள் குறையவில்லை. அதைப் பதிவு செய்தவரும் ஸ்டமாட்டோயன்னோபூலோஸ்தான்.

70களின் நடுவில் கருவிலேயே நோயைக் கண்டறிய முடிந்தது. கருவின் ரத்தத்தைத் துளியளவு எடுத்துப் பார்ப்பார்கள். லண்டனில் வாழ்ந்த சைப்ரஸ் குடும்பங்களோடு பணியாற்றிய பெர்னடெட் மோடெல் கவனித்த ஒரு விஷயத்தைத்தான் இந்தக் கதையின் மையம் என்று நான் நினைக்கிறேன். பரிசோதனை வருவதற்கு முன், நோயுள்ள குழந்தை பிறந்த பெற்றோர் அடுத்த குழந்தையே வேண்டாம் என்றிருந்தார்கள். தவறிக் கரு தரித்தாலும் பலர் கலைத்துவிட்டார்கள், நல்ல கருவா இல்லையா என்றே தெரியாமல். பரிசோதனை வந்தபின் அவர்கள் மறுபடி பிள்ளை பெற்றுக்கொண்டார்கள். கருவைக் கலைக்க வழிகாட்டும் சோதனை என்று பேர் வாங்கிய ஒன்று, வீடுகளுக்குத் தொட்டில்களைத் திருப்பிக் கொடுத்தது.

1983இல் சைப்ரஸ் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை கல்யாணத்துக்கு ஒரு சான்றிதழ் கேட்கத் தொடங்கியது. கருக்கலைப்பை எதிர்க்கும் திருச்சபை! சான்றிதழில் முடிவு இருக்காது. 'இருவரும் பரிசோதித்து, ஆலோசனை பெற்றார்கள்', அவ்வளவுதான். முடிவு அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். இருவரும் கேரியர் என்று தெரிந்தும் பெரும்பாலானோர் கைவிடாமல் மணந்துகொண்டார்கள். தீவின் துருக்கிய சைப்ரஸ் பகுதியிலும் திருமணத்துக்கு முன் பரிசோதனை கட்டாயமானது. ஆண்டுக்குப் பல டஜன் நோயுள்ள குழந்தைகள் பிறந்த இடத்தில், 80களின் இறுதிக்குள் அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரல. 18 வாரக் கர்ப்பத்தில் அந்த முடிவை எடுத்த தாய்மார்களின் வலி எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. பிற்பாடு நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கும் முறை அதைப் பத்துப் பதினோரு வாரத்துக்கு முன்னகர்த்தியது. சுமை குறைந்தது, தீரவில்லை. ஏற்கெனவே இந்த நோயோடு வாழ்பவர்களுக்கு, 'அப்போ நாங்க பிறந்திருக்கக் கூடாதா?' என்று தோன்றினால் அது நியாயமான கேள்வி.

சைப்ரஸ் அதற்கு நடைமுறையில் ஒரு பதில் வைத்தது. புது நோயாளிகள் குறைந்ததால் இருக்கிற ரத்தமும் மருந்தும் பழைய நோயாளிகளுக்கு முறையாகக் கிடைத்தன. பத்து, பதினைந்து வயதைத் தாண்டமாட்டார்கள் என்று நினைத்த பிள்ளைகள் நடுவயதைத் தொட்டார்கள். வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள். அவர்களில் சிலர் இன்று அம்மா, அப்பாவும் ஆகிவிட்டார்கள். துணைவர் கேரியர் இல்லை என்றால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை கேரியராக இருக்கும்; நோயாளியாக இருக்காது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.