மெக்சிகோ 1985: ஏரி மேல் ஒரு நகரம்

செப்டம்பர் 19ன்னாலே மெக்சிகோக்காரங்களுக்கு வயித்தைக் கலக்கும். 1985, 2017, 2022ன்னு மூணு வருஷத்துல அதே தேதியில பெரிய நிலநடுக்கம். முதலாவதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

காலை ஏழேகால் மணி. பசிபிக் கரையோரம், மிச்சோவாகான் பக்கம் 8.0 அளவுல பூமி ஆடுச்சு. மெக்சிகோ சிட்டி அங்கேருந்து 350 கிலோமீட்டருக்கு மேல. அவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள அதிர்வு அடங்கியிருக்கணுமே? அடங்கலை. காரணம் ஊருக்குக் கீழே இருக்கு. அஸ்டெக்குகளோட தலைநகர் டெனோச்டிட்லான், டெக்ஸ்கோகோ ஏரிக்குள்ள ஒரு தீவு. 1521ல அதைப் பிடிச்ச ஸ்பானியர்கள் பின்னாடி ஏரியை வடிச்சாங்க. தண்ணி போச்சு, களிமண் சேறு போகலை. அதுக்கு மேலதான் நகரம் வளர்ந்தது.

அந்தச் சேறு ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு தரம் ஆடும். ஆறு மாடியிலேருந்து பதினஞ்சு மாடி வரைக்கும் உள்ள கட்டிடங்கள் அதே தாளத்துல மாட்டிக்கிச்சு. முதல் வருஷ பிசிக்ஸ்ல ரெசொனன்ஸ்னு உருப்போட்டு எழுதினோமே மக்களே, அதேதான். 1956ல திறந்த 44 மாடி டோரே லத்தீனோஅமெரிக்கானா அசராம நின்னுச்சு. ஹுவாரெஸ் மருத்துவமனையும், ட்லாடெலோல்கோ குடியிருப்பில் நுவேவோ லியோன் கட்டிடமும் சரிஞ்சது. செத்தவங்க 5,000 பேர்னும் சொல்றாங்க, 10,000க்கு மேலன்னும் சொல்றாங்க.

என்னை ரொம்ப உறுத்துறது தையல் வேலை பார்த்த பெண்களோட கதை. சான் அந்தோனியோ அபாத் பகுதியில துணி தைக்கற பட்டறைகள் இடிஞ்சு விழுந்துச்சு. உள்ளே ஆட்கள் சிக்கியிருக்க, சில முதலாளிங்க மெஷினையும் பணப்பெட்டியையும் வெளியே எடுக்கறதுலயே குறியா இருந்தாங்க. (இதுக்கு எந்த ரெசொனன்ஸும் காரணம் இல்லை.) பிழைச்ச பெண்கள் விடலை. அங்கேயே உட்கார்ந்து போராடி, அடுத்த மாசமே 'செப்டம்பர் 19' பேர்லயே தொழிற்சங்கம் அமைச்சாங்க.

அரசாங்கம்? வெளிநாட்டு உதவி தேவையில்லைன்னு முதல்ல கெத்து காட்டிட்டு அப்புறம் இறங்கி வந்தது. அதுக்குள்ள சாதாரண சனங்களே வெறுங்கையால தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. இடிபாட்டுக்குள்ள நுழைஞ்ச இளைஞர்களுக்கு 'அகழெலிகள்'னு பேரே வந்துடுச்சு. 1986 உலகக் கோப்பை தொடக்க விழாவுல அதிபர் மிகேல் தெ லா மாட்ரிட் பேச வந்தப்போ அஸ்டெகா மைதானம் ஊளையிட்டது இந்தக் கோபமும் சேர்ந்துதான்.

1991ல எச்சரிக்கை அமைப்பு வந்தது. நில அதிர்வை விட ரேடியோ அலை வேகம், அதனால கடலோர நடுக்கம் ஊருக்கு வர ஒரு நிமிஷம் போல அவகாசம் கிடைக்கும். 2017ல அதுவும் கைகொடுக்கலை. மையம் 120 கிலோமீட்டர் தூரம்தான், சைரனும் ஆட்டமும் ஏறக்குறைய ஒண்ணா வந்தது. வருஷாந்திர ஒத்திகை முடிஞ்சு ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது! அந்தத் தடவை 360க்கு மேல போயிட்டாங்க.

தோண்ட அப்பவும் சனங்கதான் முதல்ல வந்தாங்க. இடிபாட்டு மேல ஒருத்தர் முஷ்டியை உசத்தினா தெருவே கப்சிப்னு ஆயிடும். உள்ளேருந்து ஏதாவது முனகல் கேக்குதான்னு எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க.