ஆறு சோத்கா நிலம்: ருஷ்ய டாச்சாவின் வரலாறு குறித்து

நகரத்தார் கிராமப்புறத்தில் இன்னொரு வீடு வைத்திருந்தால் அதை வசதியின் அடையாளமாகக் கொள்வது வழக்கம். ருஷ்யாவில் டாச்சா எனப்படும் இத்தகைய வீட்டை அப்படிப் பார்க்க முடியாது. அங்கே ஆலைத் தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியைக்கும்கூட ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலமும் சிறு மரவீடும் உண்டு.

தொடக்கம் என்னவோ மேட்டுக்குடியில்தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் பீட்டர், புதிய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பீட்டர்ஹோஃப் செல்லும் சாலையோரத்தில் பிரபுக்களுக்கு நிலம் வழங்கினார். கோடையிலும் அவர்கள் அரசவைக்கு அருகிலேயே இருக்க அது வழிசெய்தது. 1837இல் ருஷ்யாவின் முதல் ரயில்பாதை பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜார்ஸ்கோயே செலோவுக்குப் போடப்பட்டது. ரயில் பெருகப் பெருக, அதிகாரிகளும் வணிகர்களும் கோடைக்கு வாடகை வீடு தேடினர். 1904இல் மேடையேறிய செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' நாடகத்தில், தோட்டத்தை வெட்டி மனை பிரித்து டாச்சாக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுங்கள் என்று வணிகர் லோபாஹின் சொல்லும் யோசனை அக்காலத்தின் நடைமுறைதான்.

1917 புரட்சிக்குப் பின் டாச்சா அரசு தரும் சலுகையாயிற்று. மாஸ்கோ அருகே எழுத்தாளர்களுக்கென அமைந்த பெரெதெல்கினோ அதற்குச் சான்று. எழுத்தாளர் பாஸ்டர்நாக் வாழ்ந்து மறைந்தது அங்கேதான்.

டாச்சாவைச் சாமானியரிடம் கொண்டுசேர்த்தது பசி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிடைத்த வெற்று நிலத்திலெல்லாம் மக்கள் உருளைக்கிழங்கு நட்டனர். 1949இல் சோவியத் அரசு தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் தோட்ட நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பின்னர் 'ஆறு சோத்கா', அதாவது 600 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 15 சென்ட், பொது அளவாக நிலைத்தது. சொந்த நிலமல்ல, பயன்படுத்தும் உரிமை மட்டுமே. வீட்டின் பரப்புக்கும் உயரத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. 1967இல் ஐந்து நாள் வேலைவாரம் வந்தபின் சனி, ஞாயிறு இரண்டும் தோட்டத்துக்கே போயின.

1992இல் விலைக்கட்டுப்பாடு நீங்கி, சம்பளமும் மாதக்கணக்கில் நின்றபோது இந்தத் தோட்டங்கள் பல குடும்பங்களைக் காத்தன. ஆனால் உணவுத் தேவை ஒன்றே காரணமென்றால், கடைகள் நிறைந்தபின் அவை கைவிடப்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ரயில் கட்டணத்தையும் உழைப்பையும் சேர்த்தால், விளைவித்த கிழங்கைவிடச் சந்தைக் கிழங்கே மலிவு என்று தெரிந்தும் மக்கள் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

இதற்கான விடை நகர வீட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. கூட்டுக் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு ஒரே சமையலறை. பின்னர் சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் தனி வீடு கிடைத்தது. ஆனால் அறையின் அளவு, சன்னலின் இடம், கூரையின் உயரம் எல்லாம் அரசு வகுத்த ஒரே அச்சு. ஆறு சோத்காவில் மட்டுமே ஒருவர் தன் விருப்பப்படி ஒரு சன்னலை வைக்க முடிந்தது. கட்டுமானப் பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு. இடித்த வீட்டுக் கதவு, கழித்துப்போட்ட பலகை, எங்கோ கிடைத்த செங்கல் என்று சேர்த்து ஆண்டுக்கணக்கில் கட்டினார்கள். விதிமீறிய மாடத்தையும் வராந்தாவையும் பிறகு ஒட்டவைத்தார்கள். விளைச்சலைவிட இந்தக் கட்டும் வேலையே மக்களை அந்த மண்ணோடு பிணைத்தது. பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையைப் பாட்டியோடு அங்கே கழித்ததால் அந்தப் பிணைப்பு அடுத்த தலைமுறைக்கும் சென்றது.

2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, உரிய தகுதியுள்ள தோட்ட வீட்டை நிரந்தர முகவரியாகப் பதியலாம். நகர வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு டாச்சாவிலேயே குடியேறும் முதியவர்களும் இன்று இருக்கிறார்கள்.