கலபார் அவரையும் ஊர்விட்டு ஊர்போன கொசுவும்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் ஒரு வீவக புளோக்கின் கீழே சிவப்பு டெங்கிப் பதாகை தொங்கினால், அந்த வட்டாரத்தில் பத்துப் பேருக்காவது காய்ச்சல் கண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து புகையடிக்க ஆள் வரலாம். சன்னலைச் சாத்துவோம், காயப்போட்ட துணியை உள்ளே இழுப்போம். உலகெங்கும் கொசுவுக்கு அடித்துவந்த மருந்துகளில் ஒரு பெரிய குடும்பம் ஆர்கனோபாஸ்பேட். அது குறிவைப்பது கோலினெஸ்டெரேஸ் என்ற ஒரே ஒரு நொதியை. அந்த நொதியிடம் நம்மைக் கொண்டுசேர்த்தது ஆப்பிரிக்கச் சூனிய வழக்கு ஒன்றின் சாட்சிப் பொருள்.

இன்றைய நைஜீரியாவில் உள்ள கலபார், 19-ஆம் நூற்றாண்டில் பாமாயில் வாங்க ஆங்கிலேயக் கப்பல்கள் வந்துபோன துறைமுகம். அங்கே எஃபிக் மக்களிடையே ஒருவர்மீது சூனியப் பழி விழுந்தால், ஒரு காட்டு அவரை விதையைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. மனசாட்சி சுத்தமானவன் மடமடவென்று குடித்து உடனே கக்கிவிடுவான், குற்றவாளிதான் தயங்கித் தயங்கிக் குடித்து விஷத்தை உடம்பில் ஏற்றிக்கொள்வான் என்று இதற்கொரு விளக்கமும் உண்டு.

அங்கிருந்த ஸ்காட்லாந்துப் பாதிரிமார் அந்த விதையை எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். நஞ்சியல் அறிந்த பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-இல் அதில் ஒரு துண்டைத் தானே தின்று பார்த்தார். தலை சுற்றியது, கைகால் தளர்ந்தது. முகம் மழிக்க வைத்திருந்த சோப்புத் தண்ணீரை எடுத்துக் குடித்து, வாந்தியெடுத்துத் தப்பினார். கலபார் சட்டப்படி பேராசிரியர் நிரபராதி.

விதையிலிருந்த நஞ்சான பைசோஸ்டிக்மினை 1864-இல் பிரித்தெடுத்தார்கள்; பிறகு அது கண் அழுத்த நோய்க்கு மருந்தாகவும் ஆனது. அது எப்படி வேலைசெய்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தவளை இதயங்களை வைத்துச் சோதித்த ஓட்டோ லோவி, 1926-இல் முடிச்சை அவிழ்த்தார். நரம்பு தன் கட்டளையை அசிடைல்கோலின் என்ற ரசாயனமாக அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்து அகற்ற ஒரு நொதி இருக்கிறது. கல்யாணப் பந்தியில் இலை எடுப்பவர் மாதிரி: அவர் கை ஓய்ந்தால் அடுத்த பந்தி நடக்காது. கலபார் அவரை முடக்குவது அவரைத்தான். கோலினெஸ்டெரேஸ் என்ற பெயர் 1932-இல் வந்தது.

1936 டிசம்பர் 10 அன்று லோவி நோபல் பரிசு வாங்கினார். சரியாக 13 நாள் கழித்து, ஜெர்மனியின் லெவர்கூசனில் கெர்ஹார்ட் ஷ்ராடர் அசுவினிப் பூச்சியைக் கொல்ல ஒரு புதுச் சேர்மம் தயாரித்தார். அடுத்த மாதம் அதில் ஒரு துளி சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கியது, மூச்சு முட்டியது. கலபார் அவரை செய்த அதே வேலை, பல மடங்கு வேகத்தில். ராணுவம் அதைக் கைப்பற்றித் தபுன் என்ற நரம்பு நஞ்சாக்கிக்கொண்டது. 1938-இல் லோவியைச் சிறைபிடித்த நாஜிகள், நோபல் பணத்தை எழுதிவாங்கிக்கொண்ட பிறகே அவரை நாட்டைவிட்டுப் போகவிட்டார்கள்.

போருக்குப் பின் அதே குடும்பத்தில் சாதுவான பிள்ளையாக 1950-இல் வந்தது மாலத்தியான். மனிதக் கல்லீரலில் இருக்கும் வேறொரு எஸ்டெரேஸ் நொதி அதைச் சட்டென்று வெட்டிவிடும். பூச்சிக்கு அந்த வசதி குறைவு. டி.டி.டி. தோற்றுப்போன இலங்கை, 1970-களில் மலேரியாவுக்கு இதையே நம்பியது.

கொசு சும்மா இருக்குமா? கலிபோர்னியாவின் ஒரு கியூலெக்ஸ் கொசு தன் எஸ்டெரேஸ் மரபணுவைக் குறைந்தது 250 மடங்கு பெருக்கி வைத்திருந்ததை 1986-இல் கண்டார்கள். நஞ்சு நரம்பைத் தொடுமுன்பே இந்த உபரி நொதிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொரு வகைப் பெருக்கமோ ஆப்பிரிக்கா, ஆசியா, வட அமெரிக்கா என எங்கே பார்த்தாலும் அச்சு மாறாமல் ஒன்றாகவே இருந்தது. கொழும்பை ஒட்டிய பேலியகொடைக் கொசுவிலும் அதே வகைதான். ஊருக்கு ஊர் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் இப்படி ஒத்துப்போகாது. ஒரே இடத்தில் ஒரே முறை பிறந்து கப்பலிலும் விமானத்திலும் பரவியது என்று 1991-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் வேறு இனம். அதுவும் பயணத்துக்கு அஞ்சியதல்ல.

கொசுவிடம் எஸ்டெரேஸ் மிகுதி என்றால், நம்மவர் சிலரிடம் ஒன்று அறவே இல்லை. அறுவை அரங்கில் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின், அசிடைல்கோலின் இரண்டை ஒட்டவைத்த போலி. ரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ் அதைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும். ஆனால் தென்னிந்திய வணிகச் சமூகமான ஆரிய வைசியரில் சிலருக்கு அது கரையாமல் மணிக்கணக்கில் மூச்சைக் கட்டிப்போட்டது. தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணமுடித்துவந்த சமூகம் அது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டவரோடு சேர்ந்து 2006-இல் காரணத்தைச் சொன்னார்கள்: அந்த நொதியின் 307-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின்.

சாதி கேட்பது அநாகரிகம்தான். இருந்தாலும், ஸ்கோலின் ஊசி போடுமுன் மயக்க மருத்துவர் அதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். மருந்து உள்ளே போன பிறகு இந்தக் குறை தெரியவந்தால், அது தானாக இறங்கும்வரை வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். கூடப் பிறந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுப்பார்கள்.