பாதி மாத்திரை போதுமா?



பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிடுகிறோம். சிறிய உடம்புக்குச் சிறிய துண்டு, கணக்குச் சரிதானே என்று நினைக்கிறோம். இதே கணக்கு எச்.ஐ.வி. மருந்தில் தவறிப்போன வரலாற்றை இன்று பார்ப்போம்.

எச்.ஐ.வி. என்பது எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி. அதற்கான முதல் மருந்தாகிய ஏ.இசட்.டி., 1987இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கோ 1990 வரை அந்த அனுமதி இல்லை. எலிசபெத் கிளேசர் என்ற தாய்க்குப் பிரசவத்தின்போது ஏற்றிய இரத்தத்தில் கிருமி இருந்தது; தாய்ப்பால் வழியே அது மகள் ஏரியலுக்கும் சென்றது. 1988இல் அச்சிறுமி ஏழு வயதில் இறந்தாள். அதே ஆண்டு அந்தத் தாய், தோழியர் இருவருடன் சேர்ந்து, பிள்ளைகளுக்கான ஆராய்ச்சிக்கென்றே ஓர் அறநிறுவனம் தொடங்கினார்.

இந்நோய் கண்ட பிள்ளைகள் ஆப்பிரிக்காவில்தான் மிகுதி. பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளுக்கு மருந்து கிடைக்காவிட்டால், ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு வயதைக் காண்பதில்லை. மூன்று மருந்துகளை ஒன்றாக்கிய மலிவான மாத்திரை அங்கே வந்தபோது, அது பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டதாக இருந்தது. அதை உடைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வேறு வழி ஏது? மலாவியிலும் சாம்பியாவிலும் அப்பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சிறு பிள்ளைகள் பலருக்கு அதிலுள்ள நெவிராப்பின் மருந்து போதவில்லை. மருந்து குறைந்தால் கிருமி சாகாது. மருந்தையே எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும்.

ஏன் போதவில்லை? பிறந்த சிசுவின் கல்லீரல் இன்னும் முதிராதது. மருந்தை மெதுவாகத்தான் சிதைக்கும். ஓரிரு வயதில் நிலைமை தலைகீழ். எடைக்கு எடை பார்த்தால், பெரியவரைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும்.

பிறகு இந்தியாவின் சிப்லா நிறுவனம் பிள்ளைகளுக்கென்றே சிறு மாத்திரைகள் செய்தது. சாம்பியாவின் லுசாக்கா நகரில் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். இம்முறை அளவு பொருந்தியது.

அடுத்து வந்தது டோலுடெகிராவிர். பெரியவருக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம். உகாண்டா, சிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து முதலிய நாடுகளில் 'ஆடிசி' என்னும் ஆய்வு நடந்தது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கும் அதே 50 மில்லிகிராம் மாத்திரை முழுதாக வேண்டும் என்று அதில் தெரிந்தது. 20 கிலோ என்றால் நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. தகப்பனோ 60 கிலோ. இருவருக்கும் ஒரே மாத்திரை! கணக்குச் சொல்லித்தரும் நாங்களே மூக்கின்மேல் விரலை வைத்தோம்.

அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு, தண்ணீரில் கரையும் 10 மில்லிகிராம் மாத்திரை வந்தது. எடையைப் பார்த்து எண்ணிக்கை: 6 கிலோ குழந்தைக்கு ஒன்றரை, 10 கிலோவுக்கு இரண்டு, 14 கிலோவுக்கு இரண்டரை. பிள்ளைகள் துப்பிவிடாமல் இருக்க ஸ்டிராபெரிச் சுவையும் சேர்த்திருக்கிறார்கள். 2020இல் இதன் விலை ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 36 அமெரிக்க டாலர் என்று முடிவாயிற்று. மறு ஆண்டே மலாவி உட்பட ஆறு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.