கிளப்பா, நாடா? திருவனந்தபுரத்தின் கால்பந்து அனுபவமும் ரக்பி நாடுகள் கண்ட வழிகளும்

திருவனந்தபுரம்: 2015 டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து இறுதிப்போட்டி நடைபெற்றது. எஃப்சி கோவாவை 3-2 என்ற கணக்கில் வென்று சென்னையின் எஃப்சி கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியின் முன்கள வீரர் ஜெஜே லால்பெக்லுவா வெற்றியைக் கொண்டாட அவகாசம் அதிகம் இருக்கவில்லை. ஐந்தே நாட்களில், திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் தெற்காசியக் கால்பந்து சாம்பியன்ஷிப் (சாஃப்) போட்டியில் இந்தியா தனது முதல் ஆட்டத்தை ஆட வேண்டியிருந்தது.

2016 ஜனவரி 3-ஆம் தேதி அதே மைதானத்தில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் ஆப்கானிஸ்தான் முதல் கோலை அடித்தது. ஜெஜே அதைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலால் இந்தியா 2-1 என வென்று ஏழாவது முறையாகப் பட்டம் சூடியது. அடுத்த ஆறு நாட்களில், ஜனவரி 9-ஆம் தேதி, ஐ-லீக் போட்டிகள் தொடங்கின. இரண்டு கிளப் பருவங்களுக்கு நடுவே தேசிய அணிக்குக் கிடைத்த இடைவெளி சுமார் 20 நாட்கள்.

அந்த முறை வெற்றி கிட்டியது. ஆனால், வலுவான உள்நாட்டு கிளப்களையும் வெற்றி பெறும் தேசிய அணியையும் ஒருசேர வளர்ப்பது எப்படி என்ற கேள்வி இன்றும் நீடிக்கிறது. இக்கேள்விக்குத் திருவனந்தபுரம் பல காலகட்டங்களில் பல விடைகளைக் கண்டுள்ளது.

சிக்கல் எங்கே எழுகிறது?

கிளப்புக்கும் தேசிய அணிக்கும் இடையிலான பூசல் மூன்று இடங்களில் தோன்றுகிறது. முதலாவது காலம்: வீரர் எந்த நாட்களில் யாருக்காக ஆடுவது என்பது. இரண்டாவது ஆட்ட வாய்ப்பு: உள்நாட்டு வீரருக்குத் தமது கிளப்பில் எந்த இடத்தில், எத்தனை நிமிடங்கள் ஆட வாய்ப்புக் கிடைக்கிறது என்பது. மூன்றாவது ஊதியமும் பொறுப்பும்: வீரருக்குச் சம்பளம் தருபவர் யார், காயமடைந்தால் இழப்பை ஏற்பவர் யார் என்பது.

சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட நாட்களிலும், உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை போன்ற முதன்மைத் தொடர்களின் போதும் கிளப்கள் தங்கள் வீரர்களை விடுவிப்பதை ஃபிஃபா விதிகள் கட்டாயமாக்குகின்றன. மற்ற நாட்களில் அக்கட்டாயம் இல்லை. ஒதுக்கப்பட்ட நாட்களில் தேசிய அணிக்காக ஆடும்போது காயமடையும் வீரர்களுக்காக, அவர்களின் கிளப்களுக்கு இழப்பீடு வழங்கும் திட்டமும் ஃபிஃபாவிடம் உண்டு. அந்நாட்களுக்கு வெளியே நடக்கும் தொடர்களில் அச்சுமை பெரும்பாலும் கிளப்பின் மீதே விழுகிறது. கிளப்கள் தயங்குவதற்கு இது முக்கியக் காரணம்.

காவல்துறை அணியின் காலம்

கால்பந்தில் பெரும் முதலீடு வருவதற்கு முன், கேரளத்தில் ஆட்டத்தைத் தாங்கி நின்றவை அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களுமே. டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம் எனத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்கள் வீரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை நடத்தின. அவற்றுள் உச்சம் தொட்டது கேரள போலீஸ் அணி. 1990-இல் திருச்சூரிலும் 1991-இல் கண்ணூரிலும் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பைப் போட்டிகளில் அவ்வணி அடுத்தடுத்து வாகை சூடியது.

வி.பி.சத்யன், ஐ.எம்.விஜயன், சி.வி.பாப்பச்சன், யு.ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ ஆகியோர் அந்த அணியில் ஆடியவர்கள். இந்திய அணியின் கேப்டனாகவும் விளங்கிய சத்யனின் தலைமையில், கோவையில் நடைபெற்ற 1992 சந்தோஷ் டிராபியைக் கேரளம் வென்றது. 1973-க்குப் பின் மாநிலத்துக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. மறு ஆண்டு கொச்சியிலும் கேரளமே வென்றது.

இந்த முறையில் கிளப்பும் நாடும் மோதிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. சம்பளம் தருவது அரசு. வீரர் நாட்டுக்காக ஆடினால் துறைக்குப் பெருமை. ஆட்டக் காலம் முடிந்த பிறகும் வேலை நிலைத்தது. ஆனால், திறமைக்கேற்ற ஊதியம் தர அம்முறையால் இயலவில்லை. விஜயனும் சத்யனும் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்குச் சென்று ஆடியது இதற்குச் சான்று. 1997-இல் தொழில்முறை அணியாகத் தோன்றிய எஃப்சி கொச்சின் அதே ஆண்டில் துரந்த் கோப்பையை வென்றது. எனினும் நிதி நெருக்கடியால் சில ஆண்டுகளிலேயே செயலிழந்தது. வேலைப் பாதுகாப்பு மட்டுமோ, பணம் மட்டுமோ போதாது என்பதைக் கேரளம் பத்தாண்டுகளுக்குள் கண்டுகொண்டது.

ஐஎஸ்எல் தந்ததும் தராததும்

2014 அக்டோபரில் தொடங்கிய ஐஎஸ்எல், இந்திய வீரர்களின் ஊதியத்தையும் பயிற்சி வசதிகளையும் வெகுவாக உயர்த்தியது. கொச்சியைத் தளமாகக் கொண்ட கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு நாட்டின் மிகப் பெரிய ரசிகர் பட்டாளங்களுள் ஒன்று உருவானது.

மறுபுறம், தொடக்கத்தில் ஓர் அணி களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்களை ஒரே நேரத்தில் நிறுத்த முடிந்தது. இவ்வெண்ணிக்கை 2017-18 பருவத்தில் ஐந்தாகவும், 2021-22 பருவத்தில் நான்காகவும் குறைக்கப்பட்டது. ஆயினும் அந்த இடங்களை அணிகள் பெரும்பாலும் முன்களத்துக்கும் நடுக்களத்தின் மையத்துக்கும் பயன்படுத்தின. கோல் அடிப்பவரே ஆட்டத்தின் முடிவை மாற்றுவதால், கிளப்பின் பார்வையில் இது நியாயமான முடிவே. ஆனால் விளைவு தேசிய அணியில் தெரிந்தது. முதல் 11 பருவங்களில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை ஓர் இந்தியர்கூடப் பெறவில்லை. 2023-24 பருவத்தில் அவ்விருதைப் பெற்றவர் கேரளா பிளாஸ்டர்ஸின் கிரேக்க வீரர் டிமிட்ரியோஸ் டயமண்டகோஸ்.

2024 ஜூன் மாதம் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்ற சுனில் சேத்ரி, 2025 மார்ச்சில் தமது 40-ஆவது வயதில் மீண்டும் இந்திய அணிக்கு அழைக்கப்பட்டார். 2024-25 ஐஎஸ்எல் பருவத்தில் அதிக கோல் அடித்த இந்தியரும் அவரே. அவருக்கு மாற்றாக வளர்ந்திருக்க வேண்டிய இளைஞர்கள் தங்கள் கிளப்களில் பக்கவாட்டிலோ மாற்று வீரர் இருக்கையிலோ இருந்தனர்.

ஒரே ஆண்டின் இரு முகங்கள்

காலப் பங்கீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023-ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டு ஏப்ரலில் கிளப் பருவம் முடிந்ததும், பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் கீழ் தேசிய அணி கோடை முழுவதும் ஒன்றாக இருந்து பயிற்சி பெற்றது. ஜூனில் புவனேஸ்வரத்தில் இன்டர்காண்டினென்டல் கோப்பையையும், ஜூலையில் பெங்களூருவில் சாஃப் பட்டத்தையும் வென்றது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 100 இடங்களுக்குள் நுழைந்தது.

செப்டம்பரில் நிலைமை தலைகீழானது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வீரர்களை விடுவிக்கும் கட்டாயம் கிளப்களுக்கு இல்லை. ஐஎஸ்எல் பருவமும் அப்போதே தொடங்கவிருந்தது. பல நாட்கள் பேச்சுவார்த்தை நடத்திச் சேர்க்கப்பட்ட அணி, போதிய பயிற்சியின்றி சீனாவுக்குச் சென்று, செப்டம்பர் 19-ஆம் தேதி முதல் ஆட்டத்தில் 1-5 எனத் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கேரள வீரர் ராகுல் கே.பி. அவர் ஆடிவந்த கேரளா பிளாஸ்டர்ஸ், இரண்டு நாட்கள் கழித்துக் கொச்சியில் லீகின் தொடக்க ஆட்டத்தில் அவரின்றிக் களமிறங்கியது. இழப்பு இரு தரப்புக்கும்தான்.

டிசம்பர் இறுதி வரை லீக் ஆட்டங்கள் நீடித்ததால், 2024 ஜனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக்கு ஆயத்தமாக ஏறத்தாழ இரண்டு வாரங்களே கிடைத்தன. மூன்று ஆட்டங்களிலும் தோற்ற இந்தியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

கிளப்கள் முடங்கினால்?

அப்படியானால் கிளப்களின் செல்வாக்கைக் குறைத்தால் தேசிய அணி முன்னேறுமா? 2025 இதற்கு எதிரான சான்றைத் தந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐஎஸ்எல் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்த நிலையில், ஜூலை மாதமே புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. வீரர்கள் லீக் ஆட்டங்கள் இன்றியே தேசிய அணிக்கு வந்தனர். அக்டோபர் 14-ஆம் தேதி ஃபடோர்டாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது. நவம்பரில் தரவரிசை 142-ஆவது இடத்துக்குச் சரிந்தது.

சிங்கப்பூருக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் லாலியன்சுவாலா சாங்தே. 2015 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நேபாளத்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்துத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட 18 வயது இளைஞர் அவரே. தேசிய அணி அடையாளம் காட்டிய ஒரு வீரர் பத்தாண்டுகள் நிலைபெறுவதற்கு வாரந்தோறும் ஆடும் கிளப் ஆட்டங்களே துணை நிற்கின்றன.

ரக்பி நாடுகள் கண்ட வழிகள்

இதே சிக்கலை வெளிப்படையாக விவாதித்துப் பல்வேறு தீர்வுகளைச் சோதித்துப் பார்த்த விளையாட்டு ரக்பி. அயர்லாந்தில் லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் ஆகிய நான்கு மாகாண அணிகளும் தேசிய ரக்பி சங்கத்தின் கீழ் இயங்குகின்றன. முன்னணி வீரர்களுடன் சங்கமே நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அவர்கள் எத்தனை ஆட்டங்கள் ஆடலாம் என்பதும் தேசிய அணியின் தேவையைக் கருதி முடிவாகிறது. மக்கள்தொகையில் சிறிய அந்நாடு 2022-இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. நியூசிலாந்தும் இதற்கு நெருக்கமான வழியைப் பின்பற்றுகிறது. தாய்நாட்டில் ஆடுவோரே 'ஆல் பிளாக்ஸ்' அணிக்குத் தேர்வு செய்யப்படுகின்றனர்.

பிரான்சில் நிலைமை வேறு. அங்கு 'டாப் 14' கிளப்கள் செல்வமும் செல்வாக்கும் மிக்கவை. அவற்றை வலுவிழக்கச் செய்யாமல், உள்நாட்டுப் பயிற்சி மையங்களில் உருவான வீரர்கள் ஆட்ட அணியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. வீரர்களை விடுவிக்கும் நாட்களும் அதற்கான ஈட்டுத் தொகையும் சம்மேளனத்துக்கும் லீகுக்கும் இடையே எழுத்துபூர்வமாக வரையறுக்கப்பட்டன. 2018, 2019 ஆண்டுகளில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தையும், 2022-இல் ஆறு நாடுகள் தொடரையும் பிரான்ஸ் வென்றது.

இங்கிலாந்தில் 2022-23 பருவத்தில் ஊஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் ஆகிய மூன்று கிளப்கள் கடனில் மூழ்கின. அதன் பின்னரே, 2024-இல், 25 வீரர்கள் வரை தேசிய சங்கமும் கிளப்பும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் எட்டாண்டு உடன்படிக்கை ஏற்பட்டது. இந்நாடுகளின் வழிகள் வெவ்வேறானவை. ஆயினும் யாருக்கு எப்போது எந்த வீரர் என்பதை ஒவ்வொரு தொடருக்கும் புதிதாகப் பேசாமல், முன்கூட்டியே எழுதி வைக்கும் திசையிலேயே அனைத்தும் சென்றுள்ளன.

கேரளத்தின் புதிய களம்

2024 செப்டம்பரில் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா, ஆறு அணிகளுடன் மாநிலத்துக்கு ஒரு புதிய அடுக்கைத் தந்துள்ளது. தலைநகரின் அணி திருவனந்தபுரம் கொம்பன்ஸ். காவல்துறையின் சந்திரசேகரன் நாயர் மைதானமே அதன் களம். முதல் பருவத்தில் அரையிறுதி வரை முன்னேறிய அவ்வணியை வென்ற காலிகட் எஃப்சி, இறுதியில் ஃபோர்கா கொச்சியைத் தோற்கடித்துப் பட்டம் வென்றது. அந்த லீகில் ஆடிய வீரர்கள் பலரைக் கொண்ட கேரள அணி, அதே ஆண்டின் இறுதியில் ஹைதராபாதில் நடைபெற்ற சந்தோஷ் டிராபி இறுதியாட்டத்தில் மேற்கு வங்கத்திடம் 0-1 எனத் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. லீகும் மாநில அணியும் ஒன்றையொன்று இடறாமல் அடுத்தடுத்து வந்ததால் இது இயன்றது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பூவார், பொழியூர் முதல் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறை வரை நீளும் மீனவக் கிராமங்கள் கால்பந்தின் விளைநிலம். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக், ஐஎஸ்எல் வழியாக 2019-இல் இந்திய அணியை எட்டினார். இக்கரையிலிருந்து எழும் அடுத்த வீரருக்கு ஊதியம் தரும் கிளப்பும் வேண்டும். தம் இடத்தில் ஆடும் வாய்ப்பும் வேண்டும். நாடு அழைக்கும்போது தடையின்றிச் செல்லும் உறுதியும் வேண்டும்.

சமநிலைக்குத் தேவையானவை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து மூன்று தேவைகள் தெளிவாகின்றன. முதலாவது, லீக், கோப்பை, தேசிய முகாம் ஆகியவற்றைப் பருவம் தொடங்கும் முன்பே ஒரே கால அட்டவணையில் இணைத்தல். இரண்டாவது, ஃபிஃபா ஒதுக்கிய நாட்களுக்கு வெளியேயும் வீரர்களை விடுவிப்பதற்கு ஒப்பந்தம் செய்து, காயத்துக்கான காப்பீட்டைச் சம்மேளனம் ஏற்றல். மூன்றாவது, முன்களத்தில் இந்திய வீரர்களுக்கு ஆட்ட நிமிடங்களை வழங்கும் கிளப்களுக்கு ஊக்கத்தொகை அளித்தல்.

இவற்றுள் முதல் இரண்டுக்கும் தேவைப்படுவது பெரும் பணமன்று; கிளப்களும் சம்மேளனமும் ஒரே மேசையில் அமர்ந்து எட்டும் உடன்பாடு. மூன்றாவதற்குப் பணமும் பல ஆண்டுப் பொறுமையும் தேவை. 2016 ஜனவரியில் காரியவட்டத்தில் கிட்டிய கோப்பை, இரண்டு லீக்குகளுக்கு நடுவே தற்செயலாக அமைந்த 20 நாட்களில் வென்றது. அத்தகைய நாட்களை ஒவ்வோர் ஆண்டும் அட்டவணையில் உறுதி செய்வதே இந்தியக் கால்பந்து இனி செய்ய வேண்டிய முதல் பணியாகும்.